தொடையெலும்பின் கழுத்தில் ஒரு தடம்: குதிரையா, குந்தலா, கறையானா?

2025-ல் கொந்தகை மண்டை ஓடுகளுக்கு முகம் கொடுத்து வெளியிட்ட படங்களைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை அது. என் செல்போனுக்கு மட்டும் ஏழெட்டு பேர் அனுப்பினார்கள். "பாத்தியா, நம்ம பெரியப்பா மாதிரியே இருக்கார்" என்று ஒரு குறிப்பு வேறு!

நம் ஊரில் பழைய எலும்பு என்றாலே மண்டை ஓடுதான். இன்று நேற்றல்ல, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஆதிச்சநல்லூரில் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவற்றைப் பற்றி 1930-ல் சென்னை அருங்காட்சியகம் ஒரு ஆய்வு வெளியிட்டது. எழுதியவர் சாலி சக்கர்மேன். தலைப்பே "ஆதிச்சநல்லூர் மண்டை ஓடுகள்" என்றுதான். மண்டையை அளந்தால் "இனம்" தெரிந்துவிடும் என்று நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை போய் வெகு காலம் ஆகிறது. ஆனால் மண்டை ஓட்டின் மீது உள்ள மோகம் மட்டும் போகவில்லை.

நான் சொல்ல வந்தது தொடையெலும்பைப் பற்றி. உடம்பிலேயே நீளமான எலும்பு அதுதான். பலமானதும் அதுதான். அதன் நீளத்தை வைத்து ஆள் எவ்வளவு உயரம் என்று கணக்குப் போடுகிறார்கள். மேலே உள்ள உருண்டையின் விட்டத்தை வைத்து ஆணா பெண்ணா என்று ஓரளவு சொல்கிறார்கள். ஒரே குழியில் பல பேருடைய எலும்பு கலந்து கிடந்தால், இடது தொடையெலும்பு எத்தனை, வலது எத்தனை என்று எண்ணி, குறைந்தது இத்தனை பேர் என்று முடிவு செய்கிறார்கள். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த பயன்கள். இதைவிடச் சுவாரஸ்யமானது அந்த எலும்பின் கழுத்தில் இருக்கிறது. ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடம். அதை வைத்து "இவன் குதிரை வீரன்" என்று சொன்னவர்கள் உண்டு, "இவன் குந்தி உட்கார்ந்தே வாழ்ந்தவன்" என்று சொன்னவர்களும் உண்டு.

(இதற்குள் நுழையும் முன் வெளியூர் நண்பர்களுக்கு ஒன்று: எங்கள் பர்கூர் வேறு, மாட்டுக்குப் பேர் போன பர்கூர் வேறு. அது ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் உள்ள மலை. இது கிருஷ்ணகிரி மாவட்டம், ஜவுளிக்கடை பர்கூர். மாடு கேட்டு இங்கே வராதீர்கள் :-))

முதலில் எலும்பின் அமைப்பு. ஆட்டுத் தொடைக்கறி வெட்டும்போது ஒரு முனையில் பளபளவென்று ஒரு உருண்டை வருமே, அதேதான் நமக்கும். அந்த உருண்டைக்குத் தலை என்று பெயர். அது இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் உட்கார்ந்து சுழல்கிறது. தலைக்குக் கீழே சாய்வாக ஒரு கழுத்து. கழுத்து போய்ச் சேருமிடத்தில் வெளிப்பக்கம் பெரிய முண்டு ஒன்று, உள்பக்கம் சின்ன முண்டு ஒன்று. இவற்றுக்கு டிரோகாண்டர் என்று பெயர். அதற்குக் கீழே நீண்ட தண்டு.

தலை முழுக்க, நடுவில் தசைநார் ஒட்டும் சின்னக் குழி ஒன்றைத் தவிர, வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். செத்த பிறகு குருத்தெலும்பு போய்விடும், ஆனால் அது இருந்த இடம் எலும்பில் மழமழவென்று தெரியும். கழுத்தின் முன்பக்கம், தலையின் விளிம்பை ஒட்டி, மூன்று விதமான தடங்கள் சிலருக்கு வருகின்றன. குழப்பம் எல்லாம் இந்த மூன்றில்தான்.

ஒன்று, தலையின் மழமழப்பு விளிம்போடு நிற்காமல் கழுத்தின் மேல் நாக்கு நீட்டியது போல நீண்டிருப்பது. இதற்கு பிரெஞ்சு உடற்கூறு நிபுணர் பால் புவாரியேவின் பெயரை வைத்து புவாரியே முகப்பு என்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க முக்கியமான அடையாளம், தலையின் பரப்பும் இந்த நீட்சியும் ஒரே பரப்பாகத் தொடர வேண்டும். விரலை வைத்து இழுத்தால் நடுவில் தட்டக் கூடாது.

இரண்டாவதற்கு பிளேக் என்று பெயர். பல்லில் படிவதற்கும் இதே பெயர்தான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழுத்தின் மேல் எலும்பே ஒரு மெல்லிய தகடு போலக் கொஞ்சம் எழும்பி, காயம் ஆறிய தழும்பு மாதிரி இருக்கும். ஓரத்தில் விளிம்பு தெரியும். மேற்பரப்பு புவாரியே முகப்பு அளவுக்கு வழுவழுப்பாக இருக்காது.

மூன்றாவது ஆலன் குழி. அமெரிக்காவின் ஹாரிசன் ஆலன் 1882-ல் தன் உடற்கூறு நூலில் எழுதியது. இங்கே எலும்பு கூடவில்லை, குறைகிறது. கழுத்தின் மேல்தோல் போன்ற கெட்டியான அடுக்கு இல்லாமல் போய், உள்ளே உள்ள பஞ்சு போன்ற எலும்பு சல்லடை ஓட்டைகளாகத் தெரியும்.

படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. கையில் எலும்பை வைத்துப் பார்க்கும்போதுதான் வம்பு. ஒரே கழுத்தில் சல்லடைக் குழியும், அதைச் சுற்றித் தகடும் சேர்ந்தே வரலாம். தகடு தலையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருந்தால் அதைப் புவாரியே முகப்பு என்று ஒருவர் குறிப்பார், பிளேக் என்று இன்னொருவர் குறிப்பார். ஆட்ஜர்ஸ் என்பவர் 1931-ல் இதே இடத்தைப் பற்றி எழுதும்போது வேறு இரண்டு பெயர்களைக் கையாண்டார். ஏஞ்சல் 1964-ல் எல்லாவற்றையும் சேர்த்து "எதிர்வினைப் பகுதி" என்றே சொல்லிவிட்டார். ஃபின்னகன் 1978-ல் மண்டைக்குக் கீழே உள்ள எலும்புகளின் வேறுபாடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, இந்த மூன்றையும் தனித்தனியாக நிறுத்தினார். பலரும் அந்தப் பட்டியலைப் பின்பற்றினார்கள். அப்படியும் சண்டை ஓயவில்லை. ராடியும் மற்றவர்களும் 2013-ல், வயது, ஆண் பெண் விவரம் ஏற்கெனவே தெரிந்த எலும்புத் தொகுப்பு ஒன்றை வைத்துக்கொண்டு விளக்கங்களைத் திரும்ப எழுதினார்கள். 2021-ல் ஆண்ட்ரியா கோரிங் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "குழப்பத்தைக் கரைக்க ஒரு முயற்சி" என்று வருகிறது. ஆலன் எழுதி சுமார் 140 வருஷம் கழித்து!

நான் படிப்பது பி.காம். எலும்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று வகுப்பில் கேட்டார்கள். இது அக்கவுண்ட்ஸ் பிரச்சனைதான் என்பது என் எண்ணம். ஒரு கம்பெனி ஒரு செலவை "பழுதுபார்ப்பு" என்று எழுதுகிறது, இன்னொரு கம்பெனி அதே செலவை "சொத்து" என்று எழுதுகிறது. இரண்டு லாபக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்ல கம்பெனி என்று சொல்ல முடியுமா? ஒரு ஊர்ப் புதைகுழியில் 30 சதவீதம் பேருக்குப் புவாரியே முகப்பு, இன்னொரு ஊரில் 10 சதவீதம் என்று வந்தால், வித்தியாசம் அந்த மக்களின் வாழ்க்கையில் இருக்கலாம். எழுதியவர்களின் பேனாவிலும் இருக்கலாம்.

இதில் அளந்து சொல்லும் விஷயங்கள் பரவாயில்லை. உதாரணமாக, சின்ன முண்டுக்குச் சற்றுக் கீழே தண்டு எவ்வளவு தட்டையாக இருக்கிறது என்று பார்ப்பார்கள். முன்பின் தடிமனை 100-ஆல் பெருக்கி, பக்கவாட்டு அகலத்தால் வகுக்க வேண்டும். 25 மில்லிமீட்டர் தடிமன், 32 மில்லிமீட்டர் அகலம் என்றால் 78 வரும். 85-க்குக் கீழே வந்தால் தட்டைத் தண்டு என்று கணக்கு. இதில் நீயும் நானும் சண்டை போட வேண்டுமானால் காலிப்பரை எங்கே வைப்பது என்பதில்தான் போட முடியும். கண்ணால் பார்த்து "இருக்கிறது, இல்லை" என்று சொல்லும் தடங்களில் அந்தப் பிடிப்பு கிடையாது.

சரி, குதிரைக்கு வருவோம். ஜெர்மன்காரர்கள் தொடையெலும்புக் கழுத்தில் உள்ள இந்த முகப்புக்கு "சவாரிக்காரன் முகப்பு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குதிரை மேல் உட்காரும்போது இடுப்பு மடங்கி, தொடை வெளியே விரிந்து, கழுத்து இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் அழுந்துகிறது, அதனால் தடம் விழுகிறது என்பது வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. பெயரே தீர்ப்பாக ஆகிவிடுவதுதான் ஆபத்து.

எங்கள் பக்கத்தில் இந்த ஆபத்து ரொம்பவே உண்டு. பர்கூருக்குப் பக்கத்திலேயே மல்லப்பாடி என்று ஒரு ஊர். அங்கே பாறையில் வெள்ளை நிறத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. அதில் குதிரை மேல் உட்கார்ந்து சண்டை போடும் உருவங்கள் உண்டு. தொகரப்பள்ளிப் பக்கம் மயிலாடும்பாறை. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். ஒரு பக்கம் குதிரைப் படம், ஒரு பக்கம் இரும்பு. நடுவில் ஒரு தொடையெலும்பு கிடைத்து, அதன் கழுத்தில் "சவாரிக்காரன் முகப்பு" என்று யாராவது எழுதிவிட்டால் போதும். மறுநாள் காலையில் "4,200 ஆண்டுக்கு முந்தைய தமிழ்க் குதிரை வீரன்" என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஓவியத்தின் காலமும் இரும்பின் காலமும் ஒன்றா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இந்த இடத்தில் மோதிக்கொண்டிருக்கிறார்கள். 2023-ல் டிரவுட்மேன் குழுவினர், ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி பக்கம் கிடைத்த 217 எலும்புக்கூடுகளைப் பார்த்து, சுமார் 5,000 வருஷத்துக்கு முந்தைய யம்னயா மக்களில் ஐந்து பேர் குதிரை ஏறியவர்களாக இருக்க நிறைய வாய்ப்பு என்று எழுதினார்கள். அவர்கள் ஒரே ஒரு தடத்தை நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறு அடையாளங்கள் வைத்திருந்தார்கள். இடுப்பிலும் தொடையிலும் தசை ஒட்டிய தடம், இடுப்புக் கிண்ணம் முட்டை வடிவமாவது, தண்டின் வடிவம், முதுகெலும்புத் தேய்மானம், கீழே விழுந்த காயங்கள், இவற்றோடு ஆறில் ஒன்றாகத்தான் நம் தொடைக் கழுத்துத் தடம். அப்படி இருந்தும் 2024-ல் ஹோசெக், ஜேம்ஸ், டெய்லர் மூவரும் மறுத்து எழுதினார்கள். இடுப்பு மடங்கி வெகுநேரம் உட்கார்ந்தாலே இப்படி வரலாம், விலங்கு இழுக்கும் வண்டியில் உட்கார்ந்து போவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். விலங்கு இழுக்கும் வண்டி என்றால் நமக்கு மாட்டு வண்டி! குதிரை வீரன் ஒரு நொடியில் வண்டிக்காரர் ஆகிவிட்டார்.

வண்டி கூட வேண்டாம், தரையே போதும். இந்தக் கதையில் இந்தியாவுக்குப் பழைய பங்கு உண்டு. லாகூர் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்த ஹாவ்லக் சார்லஸ், பஞ்சாபிகளின் கால் எலும்புகளைப் பற்றி 1893-ல் எழுதினார். ஐரோப்பியர்களின் எலும்பில் அரிதாக உள்ள முகப்புகள் இங்கே சாதாரணமாக இருக்கின்றன, காரணம் குந்தி உட்காரும் பழக்கம் என்பது அவர் வாதம். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றுமே முழுசாக மடங்கும் உட்கார்வு அது. முழங்கால் பக்கம் தொடையெலும்பில் வரும் ஒரு முகப்புக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். கோஸ்டிக் 1963-ல் மேற்கு நைஜீரியாவின் தொடையெலும்புகளை வைத்து மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் இப்படிப்பட்ட தடங்களை விவரித்தார்.

சார்லஸோடு நான் முழுசாக ஒத்துப்போகவில்லை. நாற்காலியில் உட்காரும் ஐரோப்பிய எலும்பு "இயல்பு", குந்தும் எலும்பு "விசேஷம்" என்ற பார்வை அவர் எழுத்தில் அடியில் ஓடுகிறது. உலகத்தில் அன்றைக்கு வாழ்ந்த மக்களில் பெரும்பாலோர் தரையில் உட்கார்ந்தவர்கள்தானே! நாற்காலிக்காரன்தான் விசேஷம். அதோடு, இப்படிப்பட்ட முகப்புகள் பிறக்காத குழந்தையின் எலும்பிலேயே தெரிகின்றன என்று அவரே அடுத்து எழுதினார். பெற்றோர் பழகியது பிள்ளைக்கு இறங்குகிறது என்று அவர் அதற்கு விளக்கம் சொன்னார். இன்றைய மரபணு அறிவில் அந்த விளக்கம் நிற்காது. ஆனால் அவர் பார்த்த விஷயம் ஒரு நல்ல கேள்வியைப் போடுகிறது: பழக்கம் வருவதற்கு முன்பே தடம் இருக்குமானால், தடத்தை வைத்துப் பழக்கத்தைச் சொல்வது எப்படி?

ஆலன் குழி இன்னும் சிக்கல். இளம் வயதில் இறந்தவர்களின் எலும்பில் அது அதிகம், வயதானவர்களிடம் குறைவு. அப்படியென்றால் வளரும் எலும்பின் ஒரு கட்டமாகவும் இருக்கலாம். ஒரு புதைகுழியில் ஆலன் குழி நிறைய இருந்தால், அங்கே இளவட்டங்கள் நிறைய செத்தார்கள் என்பதே முழு அர்த்தமாகவும் இருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அது குதிரை வீரனைவிடக் கனமான செய்தி. இன்னொரு பக்கம், இடுப்பு மூட்டு உரசல் என்று இன்றைக்கு ஆர்த்தோ டாக்டர்கள் சொல்லும் கோளாறில், தலையும் கழுத்தும் சேரும் இடம் புடைத்து, கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறது. விளையாட்டு வீரர்களிடம் அதிகம் பார்க்கிறார்கள். வில்லோட், நூசல் இருவரும் 2009-ல் இதையும் பழைய எலும்புகளின் தடங்களையும் சேர்த்து யோசிக்கச் சொன்னார்கள். ஆக ஒரே இடத்துக்கு உட்கார்வு, வளர்ச்சி, கோளாறு என்று மூன்று போட்டியாளர்கள். குதிரை இதில் நான்காவது.

ஐந்தாவது போட்டியாளர் மண். நம் ஊருக்கு இதுதான் முக்கியம். தொடையெலும்புக் கழுத்தில் மேல் அடுக்கு மெலிசு. புளிப்பு மண், வேர், கறையான், மழைநீர் எல்லாம் சேர்ந்து அதை அரித்தால் உள்ளே உள்ள சல்லடை வெளியே தெரியும். பார்த்தால் அசல் ஆலன் குழி! வித்தியாசம் ஓரத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது வந்த குழி என்றால் ஓரமும் ஓட்டைகளின் வாயும் உருண்டு மழுங்கியிருக்கும். செத்த பிறகு உடைந்தது என்றால் ஓரம் கூராக, பிய்ந்தது போல இருக்கும். தோண்டும்போது கொத்து பட்டு உடைந்தால் உடைந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கும், சுற்றிலும் மண் நிறம். மண்வெட்டி பிடித்தவருக்கு இது ஒரு நிமிஷ வேலை. போட்டோவை மட்டும் பார்ப்பவருக்கு ஒரு வருஷ வேலை.

மண்ணுக்கு முன்பே மனிதர்கள் கலைத்து வைத்ததும் உண்டு. மணிமேகலை காலத்தில் பிணத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், எரிப்பதும் உண்டு, அப்படியே போட்டுவிடுவதும் உண்டு, குழியில் இடுவதும் உண்டு, தாழியில் கவிப்பதும் உண்டு. பெருங்கற்காலக் குழிகளில் பல, உடம்பை வேறெங்கோ வைத்து, சதை போன பிறகு எலும்புகளைப் பொறுக்கி வந்து வைத்தவை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்லசந்திரம் போன்ற இடங்களில் பலகைக் கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கட்டடங்களை ஜனங்கள் பாண்டவர் வீடு என்கிறார்கள். இப்படிப்பட்ட இடங்களில் முழு எலும்புக்கூடு கால் நீட்டிப் படுத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இலங்கையில், ஆதிச்சநல்லூரோடு ஒப்பிடப்படும் பொம்பரிப்புத் தாழிக்காட்டை 1970-ல் விமலா பெக்லி தோண்டினார். எலும்புகளை லூக்காக்ஸும் கென்னடியும் ஆராய்ந்தார்கள். ஒரே தாழியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் இருந்தன. அங்கே ஒரு தொடையெலும்பு கிடைத்தால் அது யாருடையது என்று பக்கத்தில் உள்ள மண்டை ஓட்டைக் கேட்க முடியாது.

இங்கேதான் திரும்பவும் என் கணக்குப் பாடம் வருகிறது. கற்பனையாக ஒரு கணக்கு. ஒரு இடத்தில் பத்து பேரைப் புதைத்திருக்கிறார்கள். 20 தொடையெலும்பு இருக்க வேண்டும். கிடைத்தது 14. அதில் கழுத்து கெடாமல் இருப்பது 6. அந்த ஆறில் இரண்டில் புவாரியே முகப்பு இருக்கிறது. இப்போது எத்தனை சதவீதம்? 20-ல் இரண்டு என்றால் 10. 14-ல் இரண்டு என்றால் 14. ஆறில் இரண்டு என்றால் 33. சரியானது கடைசிதான், ஏனென்றால் கழுத்தே இல்லாத எலும்பில் முகப்பு "இல்லை" என்று எழுத முடியாது, "பார்க்க முடியவில்லை" என்றுதான் எழுத வேண்டும். பேலன்ஸ் ஷீட்டில் பூஜ்யமும் காலி இடமும் ஒன்றா? ஆடிட்டர் விடுவாரா? இதிலும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த இரண்டு எலும்பில் ஒன்று இடது, ஒன்று வலது என்றால், இரண்டுமே ஒரே ஆளுடையதாக இருக்கலாம். அப்போது அது மக்கள் கூட்டத்தைப் பற்றிய செய்தியே இல்லை, ஒரு மனிதரைப் பற்றிய செய்தி.

கழுத்தோடு வேலை முடிவதுமில்லை. பெரிய முண்டுக்குக் கீழே, பிட்டத் தசை ஒட்டும் மேட்டின் உச்சியில், சிலருக்கு மூன்றாவதாக ஒரு முண்டு வரும். அந்த மேட்டை ஒட்டியே பள்ளம் விழுவதும் உண்டு. இரண்டும் ஒரே எலும்பில் சேர்ந்தும் வரலாம். தழும்பா, தகடா, நீட்சியா என்று கழுத்தில் வரும் வழக்கு, முண்டா, மேடா, பள்ளமா என்று இங்கேயும் வருகிறது. இங்கே எலும்பு தடிமனாக இருப்பதால் மண்ணில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கழுத்து உடைந்து போன தண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தால், அவற்றில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பெட்டியின் மேல் சீட்டில் குழி எண், இடதா வலதா, எந்தப் பகுதி மிச்சம், யார் பார்த்தது, யாருடைய விளக்கப்படி பார்த்தது என்று ஐந்து விவரம் இருந்தால், இருபது வருஷம் கழித்து வேறு ஒருவர் அதே பெட்டியைத் திறந்து "இல்லை, இது பிளேக்" என்று திருத்தி எழுத முடியும்.